எச்-இண்டெக்ஸ், மேற்கோள், 2% பட்டியல்: ஓர் உளவியலாளரின் கணக்கை எப்படி வாசிப்பது?

ஆண்டுதோறும் செப்டம்பர் வாக்கில் நாளிதழ்களின் உள்ளூர்ப் பக்கத்தில் ஒரு செய்தி தவறாமல் வரும். இந்தக் கல்லூரியின் இத்தனை பேராசிரியர்கள் ‘உலகின் தலைசிறந்த 2% விஞ்ஞானிகள்’ பட்டியலில் இடம்பிடித்திருக்கிறார்கள் என்று. கூடவே சால்வை போர்த்தும் படம், அதன் கீழே மேற்கோள்கள் இத்தனை ஆயிரம், எச்-இண்டெக்ஸ் இத்தனை என்று சில எண்கள். அவை பெரிய எண்களா, சாதாரண எண்களா என்பது படிப்பவருக்குத் தெரிவதில்லை. அவை எதை அளக்கின்றன என்பது அதைவிடக் குழப்பம்.

இதைப் புரிந்துகொள்ள அறிவாற்றல் உளவியல் நல்ல இடம். நினைவு, கவனம், மொழி, முடிவெடுத்தல் போன்றவற்றைச் சோதனைகள் மூலம் ஆராயும் துறை அது. அதில் ஒரு மூலையில், மிகக் குறைவாக எழுதி, ஒரே கட்டுரையால் 90 ஆண்டுகளாகப் பேசப்படும் ஒருவர் இருக்கிறார். மறு மூலையில் 1,500-க்கும் மேற்பட்ட வெளியீடுகளும் ஒரு லட்சத்தைத் தாண்டிய மேற்கோள்களும் கொண்ட ஒருவர். இருவரையும் அருகருகே வைத்தால் இந்த எண்கள் எங்கே உதவுகின்றன, எங்கே கைவிடுகின்றன என்பது தெரிந்துவிடும்.

மேற்கோள் என்றால் என்ன?

ஓர் ஆய்வாளர் கட்டுரை எழுதும்போது, தான் பயன்படுத்திய முந்தைய ஆய்வுகளைக் குறிப்பிட்டு, கடைசியில் பட்டியலாகத் தருவார். அந்தப் பட்டியலில் ஒரு கட்டுரை ஒருமுறை இடம்பெற்றால் அதற்கு ஒரு மேற்கோள் கிடைத்ததாகக் கணக்கு. இந்தப் பட்டியல்களையெல்லாம் திரட்டி, எந்தக் கட்டுரையை யார் யார் குறிப்பிட்டிருக்கிறார்கள் என்று தேட முடிந்தால் நன்றாக இருக்குமே என்று 1955-ல் சயன்ஸ் இதழில் யூஜின் கார்ஃபீல்ட் எழுதினார். 1960-களில் அவரது நிறுவனம் அதைச் செய்தும் காட்டியது. இன்றைய வெப் ஆஃப் சயன்ஸ் அதன் வாரிசு. ஆய்விதழ்ப் பதிப்பகமான எல்செவியரின் ஸ்கோபஸும் கூகுள் ஸ்காலரும் 2004-ல் வந்தன; அவையும் இதே வகைத் தளங்கள்தான்.

கார்ஃபீல்ட் முதலில் யோசித்தது ஒரு தேடுகருவியை. ஆளை எடைபோடும் பழக்கம் பிறகு ஒட்டிக்கொண்டது.

ஒரு மேற்கோள் ஏன் தரப்பட்டது என்பதை எண்ணிக்கை சொல்லாது. பாராட்டிக் குறிப்பிட்டாலும் ஒன்று, ‘இது தவறு’ என்று குறிப்பிட்டாலும் ஒன்றுதான். ஜார்ஜ் மில்லர் 1956-ல் எழுதிய, ‘மாய எண் ஏழு’ என்று எல்லோரும் அறிந்த கட்டுரையையே எடுத்துக்கொள்ளுங்கள். மனிதர் ஒரே நேரத்தில் ஏழு விஷயங்களைத்தான் நினைவில் வைக்க முடியும் என்பதற்கு ஆதாரமாக அதைக் காட்டுவது பெரிய வழக்கம். மில்லரின் கட்டுரையோ அதைவிட எச்சரிக்கையானது. வெவ்வேறு வகைச் சோதனைகளில் ஏழு என்ற எண் திரும்பத் திரும்ப எட்டிப் பார்ப்பது தற்செயலாகவும் இருக்கலாம் என்றே அவர் முடிக்கிறார். அந்த எண்ணிக்கை உண்மையில் நான்கு அளவில்தான் இருக்கும் என்று நெல்சன் கோவன் 2001-ல் வாதிட்டார். அவரை ஏற்பவரும் மில்லரைக் குறிப்பிடுகிறார், மறுப்பவரும் குறிப்பிடுகிறார், படிக்காமலே குறிப்பிடுபவரும் உண்டு. மில்லரின் கணக்கில் மூன்றும் ஒன்றாகவே ஏறும்.

எச்-இண்டெக்ஸ் கணக்கு

கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியகோ வளாகத்தைச் சேர்ந்த இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் 2005-ல் முன்வைத்த அளவு இது. ஒருவரது கட்டுரைகளை மேற்கோள் எண்ணிக்கையின்படி இறங்குவரிசையில் அடுக்க வேண்டும். குறைந்தது ‘எச்’ மேற்கோள்கள் பெற்ற கட்டுரைகள் ‘எச்’ எண்ணிக்கையில் இருந்தால், அதுவே அவரது எச்-இண்டெக்ஸ்.

ஒருவருக்கு ஏழு கட்டுரைகள் என்று வைத்துக்கொள்வோம். மேற்கோள்கள் முறையே 90, 40, 12, 6, 5, 3, 1. ஐந்தாவது கட்டுரைக்கு ஐந்து மேற்கோள் உண்டு. ஆறாவதற்கு ஆறு இல்லை, மூன்றுதான். ஆக எச்-இண்டெக்ஸ் 5. முதல் கட்டுரைக்கு 90-க்குப் பதில் 9,000 வந்தாலும் இந்த எண் அசையாது.

இதே ஆளின் எச்-இண்டெக்ஸை 6 ஆக்க எத்தனை மேற்கோள் தேவை? ஐந்தாவது கட்டுரைக்கு ஒன்று, ஆறாவதற்கு மூன்று. மொத்தம் நான்கு. அவரே அடுத்து எழுதும் கட்டுரைகளில் இந்த இரண்டையும் பார்த்துப் பார்த்துக் குறிப்பிட்டால் போதும், வேலை முடிந்தது. மொத்த மேற்கோள்கள் 157-லிருந்து 161 ஆகும். யார் கண்ணிலும் படாது. எல்லைக் கோட்டில் நிற்கும் கட்டுரைகளைக் குறிவைத்துத் தள்ள முடிகிறது என்பதுதான் இந்த அளவின் பெரிய ஓட்டை.

ஒரே கட்டுரையில் நின்றவர்

‘சிவப்பு’ என்ற சொல்லைப் பச்சை மையில் அச்சிட்டு, “மையின் நிறம் என்ன?” என்று கேளுங்கள். பச்சை என்று சொல்ல வேண்டும். ஆனால் நாக்கு ‘சிவப்பு’ என்று முந்திக்கொள்ளும். வாசிப்பு அந்த அளவுக்குத் தானாக நடக்கும் பழக்கம், அதைத் தடுத்து நிறுத்த நேரம் பிடிக்கிறது. இதுதான் ஸ்ட்ரூப் விளைவு.

ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்துக்காரர். நாஷ்வில் நகரின் ஜார்ஜ் பீபாடி கல்லூரியில் முனைவர் பட்டத்துக்குச் செய்த ஆய்வை 1935-ல் சோதனை உளவியலுக்கான ஓர் ஆய்விதழில் வெளியிட்டார். ஐந்து நிறங்கள், ஒரு தாளில் 100 உருப்படிகள். வெறும் வண்ணச் சதுரங்களின் நிறத்தைச் சொல்லி முடிக்க மாணவர்களுக்குச் சராசரியாக 63.3 விநாடி ஆனது. பொருந்தாத நிறப்பெயர்கள் அச்சிட்ட தாளில் மையின் நிறத்தைச் சொல்ல 110.3 விநாடி. ஏறக்குறைய முக்கால் பங்கு கூடுதல். அவ்வளவு பெரிய வித்தியாசம் உளவியல் சோதனைகளில் அபூர்வம். யார் செய்தாலும், எந்த மொழியில் செய்தாலும் வருகிறது என்பதால்தான் அது இன்னும் நிற்கிறது.

ஸ்ட்ரூப் அதன்பின் ஆராய்ச்சியில் பெரிதாக நீடிக்கவில்லை. அதே ஊரில் ஒரு கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தார். விவிலியம் கற்பிப்பதில்தான் அவருக்கு மனம் போனது. 1973-ல் இறந்தார். அவரது உளவியல் ஆய்வுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அறிவாற்றல் உளவியல் ஒரு துறையாகத் தலையெடுத்த 1960-களுக்குப் பிறகுதான் அந்த 1935 கட்டுரைக்கு மவுசு கூடியது. 1991-ல் காலின் மெக்லியோட் இதுபற்றி எழுதிய தொகுப்பாய்வில் சுமார் 400 ஆய்வுகளை அலச வேண்டியிருந்தது. இன்று அந்த ஒரு கட்டுரையின் மேற்கோள்கள் பல ஆயிரம்.

சரி, அவரது எச்-இண்டெக்ஸ் என்ன? எத்தனை கட்டுரை எழுதினாரோ அதைத் தாண்ட முடியாது. நான்கு கட்டுரைக்காரருக்கு அதிகபட்சம் நான்கு. இன்றைய உதவிப் பேராசிரியர் தேர்வில், எச்-இண்டெக்ஸை மட்டும் வைத்து விண்ணப்பங்களைச் சலித்தால், ஸ்ட்ரூப் முதல் சுற்றிலேயே வெளியேறியிருப்பார்.

இன்னொன்றும் உண்டு. ஒரு கண்டுபிடிப்பு பாடப்புத்தகத்துக்குள் போய்விட்டால் மூலக் கட்டுரையைக் குறிப்பிடுவதையே பலர் விட்டுவிடுவார்கள். ‘ஸ்ட்ரூப் சோதனை கொடுத்தோம்’ என்று எழுதி, 1935 கட்டுரையைப் பட்டியலில் சேர்க்காமல் போகும் மருத்துவ ஆய்வுகள் உண்டு. அதாவது உச்சபட்ச வெற்றி அடைந்த ஆய்வின் மேற்கோள் எண்ணிக்கை, அதன் உண்மையான பயன்பாட்டைவிடக் குறைவாகவே காட்டும்.

ஆயிரத்துக்கும் மேல் எழுதியவர்

ராபர்ட் ஸ்டெர்ன்பெர்க் 1970-களில் யேல் பல்கலைக்கழகத்தில் தொடங்கியவர். ‘இதற்கு இது என்றால் அதற்கு எது?’ வகை ஒப்புமைக் கணக்குகளை மக்கள் போடும்போது எந்தக் கட்டத்துக்கு எவ்வளவு நேரம் எடுக்கிறார்கள் என்று பிரித்துப் பார்த்தார். அது அசல் அறிவாற்றல் உளவியல். அறிவுத்திறன் என்பது ஐ.கியூ. தேர்வு காட்டும் ஒன்று மட்டுமல்ல, பகுத்தாய்வு, படைப்பாற்றல், நடைமுறைச் சாமர்த்தியம் என்று மூன்று உண்டு என்ற கோட்பாட்டை 1985-ல் முன்வைத்தார். 1986-ல் காதலைப் பற்றி ஒரு முக்கோணக் கோட்பாடு. பாடநூல்கள், தொகுப்பு நூல்கள் ஏராளம். 2003-ல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவர். இருபதாம் நூற்றாண்டின் சிறந்த 100 உளவியலாளர்கள் என்று 2002-ல் வெளியான வரிசையில் 60-வது இடம்.

அவரது எச்-இண்டெக்ஸ் உளவியலில் மிக உயர்ந்தவற்றுள் ஒன்று. அது பொய்யான எண் அல்ல. ஆனால் அதற்குள் நேரத்தை அளந்த சோதனைக் கட்டுரையும் இருக்கிறது, காதல் கோட்பாடும் இருக்கிறது, பாடநூலும் இருக்கிறது. ‘அறிவாற்றல் உளவியலாளருக்கு இத்தனை மேற்கோள்’ என்று சொன்னால், அதில் பெரும்பங்கு கல்வியியலிலிருந்தும் உறவுகளைப் பற்றிய ஆய்வுகளிலிருந்தும் வந்திருக்கலாம்.

2018-ல் பிரச்சினை வெடித்தது. ‘பெர்ஸ்பெக்டிவ்ஸ் ஆன் சைக்கலாஜிக்கல் சயன்ஸ்’ என்ற ஆய்விதழுக்கு அவர் அப்போது ஆசிரியர். அதே இதழில் தன் பெயரிலும் கருத்துரைகள் எழுதிவந்தார். அந்தக் கருத்துரைகளின் குறிப்புகளில் சுமார் 46% அவரது சொந்த எழுத்துகளுக்கே போகின்றன, ஒன்றில் மட்டும் 65% என்று சக உளவியலாளர்கள் எண்ணிக் காட்டினார்கள். சக ஆய்வாளர் மதிப்பீடு இல்லாமல் அவை வெளியாகின என்பது அடுத்த குற்றச்சாட்டு. பிறகு, பழைய கட்டுரைகளின் பகுதிகளை அப்படியே மறுபடி பயன்படுத்தியிருக்கிறார் என்பதும் வெளியே வந்தது. ஏப்ரல் இறுதியில் ஆசிரியர் பொறுப்பிலிருந்து விலகினார். அவருடைய பழைய கட்டுரை ஒன்றை வேறோர் ஆய்விதழ், ஏற்கெனவே வெளியானதன் மறுபதிப்பு என்று சொல்லித் திரும்பப் பெற்றது. இதில் ஒரு வேடிக்கை, ஆய்வாளர்களின் சிறப்பை எப்படி மதிப்பிடுவது என்று அதே இதழ் 2016-ல், அவரது பொறுப்பில், ஒரு சிறப்புப் பகுதியே வெளியிட்டிருந்தது.

இந்த விவகாரத்தைச் செய்தியாகப் படித்த பலர், தன்னைத் தானே குறிப்பிட்டுத்தான் அவர் பெரிய ஆளானார் என்று எடுத்துக்கொண்டார்கள். அது கணக்குக்கு ஒத்துவராது. லட்சத்தைத் தாண்டிய மேற்கோள்களில் சில கருத்துரைகளின் சுய மேற்கோள்கள் உப்புக்குச் சமம், அவற்றைக் கழித்தாலும் எண் பெரிதாக அசையாது. பிரச்சினை எண்ணில் இல்லை. வாசலைக் காக்கும் பொறுப்பில் இருந்தவர் அதே வாசல் வழியே தன் எழுத்தைச் சோதனையில்லாமல் உள்ளே விட்டார் என்பதே புகார். எந்த எச்-இண்டெக்ஸாலும் இதைக் காட்டவும் முடியாது, மறைக்கவும் முடியாது.

எண்ணை ஏற்றி இறக்குபவை

1. சுய மேற்கோள். தொடர்ச்சியாக ஒரே விஷயத்தில் வேலை செய்பவர் தன் முந்தைய ஆய்வைக் குறிப்பிட்டே ஆக வேண்டும், அதில் தவறில்லை. அளவுதான் கேள்வி. 2019-ல் ஒரு பெரிய தரவுத்தொகுப்பை வைத்து நேச்சர் இதழ் வெளியிட்ட கணக்கில், ஆய்வாளர்களின் சுய மேற்கோள் விகிதத்தின் நடுமதிப்பு 12.7%. ஆனால் குறைந்தது 250 பேருக்கு, தாங்களும் தங்கள் கூட்டாசிரியர்களும் தந்த மேற்கோள்களே பாதிக்கு மேல். சென்னையின் தனியார் பல்கலைக்கழகம் ஒன்றைச் சேர்ந்த கணினி அறிவியலாளர் ஒருவருக்கு அந்த விகிதம் 94%. பதவி உயர்வுக்கு மேற்கோள் எண்ணிக்கையைக் கட்டாயமாக்கிய இத்தாலியில், அதன்பின் உள்நாட்டு ஆய்வாளர்கள் தங்களையும் தங்களுக்குள்ளும் குறிப்பிட்டுக்கொள்வது கூடியது என்றும் ஓர் ஆய்வு காட்டியது. விதியை மாற்றினால் பழக்கம் மாறும், அவ்வளவுதான்.

2. கூட்டாசிரியர் எண்ணிக்கை. உளவியல் ஆய்வுகளை மறுபடி செய்து பார்த்த 2015-ன் புகழ்பெற்ற கட்டுரைக்கு 270 ஆசிரியர்கள். அதற்கு வரும் ஒவ்வொரு மேற்கோளும் 270 பேரின் கணக்கிலும் முழுசாக ஏறும். தனியாக எழுதியவருக்கும் அதே ஒன்றுதான்.

3. தரவுத்தளம். ஆலன் பேட்லியும் கிரஹாம் ஹிட்சும் செயல்நினைவு (ஒரு வேலையைச் செய்யும்போது தகவலைச் சற்று நேரம் மனத்தில் தாங்கும் திறன்) பற்றி 1974-ல் எழுதியது ஆய்விதழ்க் கட்டுரை அல்ல, ஒரு தொகுப்பு நூலின் இயல். இப்படிப்பட்டவற்றை ஆய்விதழ்களையே மையமாகக் கொண்ட தளங்கள் சரியாகப் பிடிப்பதில்லை. கூகுள் ஸ்காலர் எல்லாவற்றையும் வாரிக்கொள்ளும், குப்பையையும் சேர்த்து. சிரில் லாபே என்ற பிரெஞ்சுக் கணினி அறிவியலாளர் 2010-ல் கணினி கொட்டிய அர்த்தமற்ற கட்டுரைகள் நூறை ஒன்றையொன்று குறிப்பிடும்படி இணையத்தில் ஏற்றி, ஐக் அன்ட்கேர் என்ற இல்லாத மனிதருக்கு 94 எச்-இண்டெக்ஸ் வாங்கிக் கொடுத்தார். ஆகவே எந்தத் தளம் என்று சொல்லாத எச்-இண்டெக்ஸுக்கு அர்த்தம் இல்லை.

4. துறையும் வயதும். உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979-ல் எழுதிய, நிச்சயமில்லாத சூழலில் மக்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று விளக்கும் எதிர்பார்ப்புக் கோட்பாடு உளவியல் இதழில் வரவில்லை, எகனாமெட்ரிகா என்ற பொருளியல் இதழில் வந்தது. அதைப் பொருளியலும் நிதித்துறையும் மேலாண்மையும் வாரி எடுத்துக்கொண்டன. ஒரு சின்னத் துறைக்குள்ளேயே எழுதியவரை அதோடு ஒப்பிட முடியாது. வயது பற்றிச் சொல்லவே வேண்டாம். எச்-இண்டெக்ஸ் ஏறும், இறங்காது, ஓய்வு பெற்ற பிறகும் ஏறிக்கொண்டிருக்கும்.

மேற்கோள் அதிகம் என்றால் முடிவு சரியா?

இல்லை. மேலே சொன்ன 2015 ஆய்வில், மூன்று இதழ்களிலிருந்து எடுத்த 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்தார்கள். மூல ஆய்வுகளில் 97% புள்ளியியல்படி தேறிய முடிவு, அதாவது வெறும் தற்செயல் என்று எளிதில் ஒதுக்க முடியாத முடிவு, காட்டியவை. மறுபடி செய்தபோது தேறியவை 36%. அறிவாற்றல் உளவியலில் மட்டும் ஏறக்குறைய பாதி, சமூக உளவியலில் கால்வாசி.

தேறாதவற்றின் மேற்கோள் குறைந்திருக்க வேண்டும்தானே? 2021-ல் மார்த்தா செரா-கார்சியா, யூரி க்னீசி இருவரும் உளவியல், பொருளியல் முதலிய துறைகளின் மறுசோதனைகளைச் சேர்த்து இதைப் பார்த்தார்கள். தேறாத ஆய்வுகளுக்குத்தான் தேறியவற்றைவிட அதிக மேற்கோள். மறுசோதனை தோற்ற செய்தி வெளியான பிறகும் போக்கு மாறவில்லை. அதற்குப் பின் வந்த மேற்கோள்களில் 12% மட்டுமே ‘இது மறுசோதனையில் நிற்கவில்லை’ என்பதைக் குறிப்பிட்டன. ஆச்சரியமூட்டும் முடிவுக்கு இதழாசிரியர்கள் வாசலைச் சற்று அகலமாகத் திறக்கிறார்கள் என்பது அவர்கள் முன்வைக்கும் விளக்கம். அதே ஆச்சரியம் வாசகர்களையும் இழுக்கும் என்பதில் வியப்பில்லை.

அந்த 2% பட்டியல்

பலர் நினைப்பதுபோல் இது ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் தரும் விருது அல்ல. அங்கே பணிபுரியும் ஜான் ஐயோனிடிஸும் கூட்டாளிகளும் ஸ்கோபஸ் தரவை வைத்துத் தயாரிக்கும் கணக்கு. யாரும் விண்ணப்பிப்பதில்லை, எந்தக் குழுவும் உட்கார்ந்து கட்டுரைகளைப் படித்துத் தேர்வதும் இல்லை. மொத்த மேற்கோள், எச்-இண்டெக்ஸ், கூட்டாசிரியர் எண்ணிக்கைக்கு ஏற்பச் சரிசெய்த எச்-இண்டெக்ஸ், தனியாசிரியராகவும் முதல், கடைசி ஆசிரியராகவும் எழுதியவற்றின் மேற்கோள்கள் என ஆறு அளவுகளைச் சேர்த்து ஒரு மதிப்பெண் போடுகிறார்கள். அந்த வகையில் தனி எச்-இண்டெக்ஸைவிட இது யோசித்துச் செய்த அளவுதான்.

செய்திகளில் தொலைந்துபோவது ஒரு விவரம். பட்டியல் இரண்டு. ஒன்று வாழ்நாள் முழுமைக்கும், மற்றது ஒரே ஓராண்டில் கிடைத்த மேற்கோள்களுக்கு. இரண்டாவதில் இடம்பிடிப்பது எளிது, சால்வைச் செய்திகளில் எந்தப் பட்டியல் என்பது பெரும்பாலும் இருக்காது.

இந்தியாவில் இது வெறும் பெருமைச் செய்தி மட்டுமல்ல. கல்வி நிறுவனங்களைத் தரவரிசைப்படுத்தும் என்.ஐ.ஆர்.எஃப். முறையில் பல்கலைக்கழகங்களுக்கு ஆராய்ச்சிக்கு 30% எடை. அதில் வெளியீட்டு எண்ணிக்கையும் மேற்கோளும் அடங்கும். தரவரிசை சேர்க்கையைக் கூட்டும், சேர்க்கை கட்டணத்தைக் கொண்டுவரும். அப்புறம் கட்டுரை எண்ணிக்கைக்கு இலக்கு வைப்பதில் என்ன அதிசயம்? திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளுக்கு எதிர்மதிப்பெண் என்பது 2025-ல்தான் அங்கே வந்தது. வெளிநாடுகளில் எதிர்க்குரல் முன்பே எழுந்துவிட்டது. இதழின் தாக்கக் குறியீட்டை (அதன் கட்டுரைகளுக்குச் சராசரியாக எத்தனை மேற்கோள் என்ற எண்ணை) வைத்துத் தனி ஆய்வாளரை எடைபோடாதீர்கள் என்று 2013-ல் வெளியான சான் பிரான்சிஸ்கோ பிரகடனத்தில் ஆயிரக்கணக்கான நிறுவனங்கள் கையெழுத்திட்டிருக்கின்றன. பின்பற்றுவது வேறு கதை.

ஐயோனிடிஸ் குழுவின் கோப்பு எல்செவியரின் தரவுக் களஞ்சியத்தில் எக்செல் வடிவில் இலவசமாகக் கிடைக்கிறது. பெயரைத் தேடி எடுக்கலாம். ஒவ்வொரு பெயருக்கும் இரண்டு தரவரிசை இருக்கும், சுய மேற்கோளைச் சேர்த்து ஒன்று, கழித்து ஒன்று. பக்கத்திலேயே சுய மேற்கோள் விகிதத்துக்கு ஒரு தனி நெடுவரிசை. அண்மைப் பதிப்புகளில் திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளின் எண்ணிக்கையும் சேர்ந்திருக்கிறது. இரண்டு தரவரிசைக்கும் பெரிய இடைவெளி இருந்தால், அடுத்து கூகுள் ஸ்காலரில் அவரது முதல் ஐந்து கட்டுரைகளைத் திறந்து, அவற்றைக் குறிப்பிட்டவர்களின் பெயர்களை ஒரு பக்கம் உருட்டிப் பாருங்கள். பத்து நிமிட வேலை.